கெடு நாளைக் குறிப்பது யார்?

மூன்றாம் ஆண்டு மாணவி, கணிதத் துறை

நூலகத்திலிருந்து திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் இரண்டு பொருள்களைக் கொண்டு வருகிறார். ஒன்று நூல். மற்றொன்று அந்நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் குத்தப்பட்டிருக்கும் ஒரு தேதி. நூலைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே பலர் உளர். ஆண்டு மலர்தோறும் நூலின் பெருமையை விரிக்கும் கட்டுரை ஒன்றேனும் இடம்பெறுவது வழக்கம். அந்தத் தேதியைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. நான் பேச விழைவது அந்தத் தேதியைப் பற்றியே. “இதற்கும் ஒரு கட்டுரையா?” என்று பேராசிரியப் பெருமக்கள் புன்னகை புரியக்கூடும். முழுவதும் படித்துவிட்டுப் புன்னகைத்தால் எனக்கு வருத்தமில்லை.

இதுநாள்வரை அந்தத் தேதியைக் குறித்தவர் நூலக உதவியாளர். ரப்பர் முத்திரையின் சக்கரத்தைத் திருப்புமுன் அவர் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை ஏறிட்டுப் பார்ப்பார். பக்கத்துச் சிவகாசியில் அச்சான காலண்டர்தான். ஞாயிறும் விடுமுறையும் அதில் சிவப்பாகத் தெரியும். தேதி சிவப்பில் விழுந்தால், எவரையும் கேளாமல் ஒரு நாள் தள்ளிக் குத்துவார். தேர்த் திருநாள் வருகிறதென்றால் காலண்டரையும் பார்க்க மாட்டார்; அது அவருக்குத் தெரியும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத இந்த அறிவு அவருடைய தலைக்குள் இருந்தது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் உடன் போய்விடும்.

இப்போது அந்தப் பணி கணிப்பொறிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவைச் சார்ந்த இன்ஃப்ளிப்நெட் நடுவத்தின் ‘சோல்’, தேசியத் தகவலியல் மையத்தின் ‘இ-கிரந்தாலயா’, எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தும் ‘கோஹா’ என நூலக மென்பொருள்கள் பல உள்ளன. நம் நூலகத்திலும் நூல் வழங்கும் பணி விரைவில் கணிப்பொறிக்கு மாறவிருப்பதாக அறிகிறோம். மாறட்டும், வரவேற்போம். ஆனால், கணிப்பொறி குறிக்கும் கெடு நாள் சரியா தவறா என்று பார்த்துச் சொல்லப் போவது யார்? மென்பொருளைச் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நாம் வாளாவிருந்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

ஏன் என்பதற்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தோழி ஒருத்தி 2025 ஜனவரி 3-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நம் வட்டாரத்து நூலகம் ஒன்றில் நூல் எடுத்தாள். (எந்த நூலகம் என்பது இங்கே வேண்டாம்.) 14 நாள் தவணை; கெடு நாள் 17. அந்த ஆண்டுப் பொங்கல் விடுமுறை 14, 15, 16 ஆகிய மூன்று நாள்கள்தாம் அரசின் பட்டியலில் முதலில் இருந்தன. பின்னர் 17-ஆம் தேதியும் விடுமுறை என அரசு அறிவித்து, அதற்கு ஈடாக 25-ஆம் தேதி சனிக்கிழமையைப் பணிநாளாக்கியது. 18, 19 சனியும் ஞாயிறும். ஆக 14 முதல் 19 வரை ஆறு நாளும் அந்த நூலகம் பூட்டிக் கிடந்தது. அறிவிப்பைக் கவனியாத தோழி 17-ஆம் தேதி வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். 20-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் நூலைக் கொடுத்தபோது கணிப்பொறி மூன்று நாள் தாமதம் என்று காட்டியது. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மூன்று ரூபாய் அபராதம். “நூலகமே மூடியிருந்ததே ஐயா!” என்றாள். “கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுதும்மா, நான் என்ன செய்யட்டும்?” என்றார் மேசையில் இருந்தவர். அவர் மீது எனக்குக் கோபமில்லை. மாற்றுவதற்கு அவருக்கு வழி சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

மூன்று ரூபாய் பெரிய தொகையா? இல்லைதான். ஆயினும் ஆண்டிறுதியில் ‘பாக்கி இல்லை’ச் சான்று வாங்கப் போகும்போது அந்த மூன்று ரூபாய் மூன்று முறை நம்மை அலையவிடும். பதிவேட்டில் ‘காலம் தாழ்த்துபவர்’ என்று பெயர் நிற்கும். சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியதாகும். பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்தும் கெடு நாள் வாசகரின் ஒரு நாளையே விழுங்கிவிடுகிறது.

மென்பொருளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கோஹாவின் பிறப்பே தேதிச் சிக்கலில்தான் நிகழ்ந்தது என்பது சுவையான செய்தி. நியூசிலாந்து நாட்டில் ஹோரோவெனுவா என்னும் மாவட்டம். அதன் தலைமை ஊர் லெவின், பெருநகரமன்று. அங்குள்ள நூலகங்களின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என 1999-இல் தெரியவந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிப் பழகிய கணிப்பொறிகளுக்கு ‘00’ என்பது 1900-ஆ 2000-ஆ என்று புரியாமற்போகும் என உலகமே அஞ்சிய காலம் அது. புதிதாக ஒன்றை விலைக்கு வாங்காமல், கட்டிப்போ என்னும் சிறு நிறுவனத்தைக் கொண்டு தாங்களே ஒன்றைச் செய்வித்தார்கள். 2000 ஜனவரித் தொடக்கத்தில் அது பணிக்கு வந்தது; பின்னர் எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும் உரிமத்தோடு உலகுக்கு அளிக்கப்பட்டது. ‘கோஹா’ என்றால் மாவோரி மொழியில் கொடை என்று பொருள். நம்மைப்போன்ற ஓர் ஊரின் நூலகம் உலகுக்குத் தந்த கொடை! அதனால்தான் நானும் தோழியர் இருவரும் ஒரு பழைய கணிப்பொறியில் அதை நிறுவி, காசு செலவின்றிச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

சோதனை என்றால் என்ன? தேர்வுத்தாளைத் திருத்தும் பேராசிரியர், விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டுதான் மாணவன் எழுதியதைப் பார்க்கிறார். மாணவன் எழுதியதைப் படித்தபின் “இதுவும் சரிபோலத்தான் இருக்கிறது” என்று மதிப்பெண் போட்டால் அது திருத்தமாகாது. மென்பொருள் சோதனையும் அத்தகையதே. இந்த நாளில் நூல் வழங்கினால், இந்த விடுமுறைகள் இருந்தால், கெடு நாள் இன்னது என்று முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். பிறகு கணிப்பொறியைக் கேட்க வேண்டும். கோஹாவைச் செய்தவர்கள் இதனைச் செய்துதான் வருகிறார்கள். கெடு நாள் கணக்கிடும் பகுதிக்கென்றே தனிச் சோதனைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். கற்பனையாக ஒரு விடுமுறையை ஏற்படுத்தி, அந்த நாளில் கெடு விழுமாறு செய்து, விடை சரிதானா என்று பார்க்கிறார்கள். ஆனால் அவர்களால் எதைச் சோதிக்க முடியும்? கொடுத்த விதிப்படி இயந்திரம் நடக்கிறதா என்பதை மட்டுமே. நாம் கொடுத்த விதி நம்முடைய விதிதானா என்பதை அவர்களால் சோதிக்க இயலாது. ஆடிப்பூரம் என்று ஒரு நாள் உண்டென்று வெலிங்டன் நகரத்தாருக்கு எவ்வாறு தெரியும்?

ஆடிப்பூரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2024-இல் ஆண்டாள் கோயில் தேரோட்டம் ஆகஸ்ட் 7, புதன்கிழமை. ஒரு மாணவர் ஜூலை 24, புதன்கிழமை, 14 நாள் தவணையில் நூல் எடுத்தார் எனக் கொள்வோம். நூலகத்துக்கு ஞாயிறும் தேர் நாளும் மட்டுமே விடுமுறை. கெடு நாள் எது?

கோஹாவில் இதற்கு நான்கு வழிகள் உண்டு. நூலகர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுமுறையையே பாராமல் கூட்டிக்கொண்டு போவது முதல் வழி: ஆகஸ்ட் 7, தேரோடும் நாளே கெடு. கெடு விடுமுறையில் விழுந்தால் நூலகம் திறக்கும் அடுத்த நாளுக்குத் தள்ளுவது இரண்டாம் வழி: ஆகஸ்ட் 8. இடையில் வரும் மூடிய நாள்களையெல்லாம் கணக்கிலிருந்தே நீக்கி, திறந்திருக்கும் நாள்களாக 14 எண்ணுவது மூன்றாம் வழி: இரண்டு ஞாயிறும் தேர் நாளும் போக ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. வாரக் கணக்கில் தரும் தவணைகளுக்கு, அதே கிழமையில் திறந்திருக்கும் அடுத்த நாளுக்குத் தள்ளுவது நான்காம் வழி: ஆகஸ்ட் 14, புதன். ஒரே நூல், ஒரே மாணவர், ஒரே ‘14 நாள்’. விடைகளோ 7, 8, 10, 14 என நான்கு! நான்கிலும் கணிப்பொறி தவறு செய்யவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. சொன்னதைச் செய்தது. எதைச் சொல்ல வேண்டும் என்று நாம் இன்னும் முடிவு செய்யவில்லை.

மாணவர்களிடம் வாக்கெடுத்தால் பலரும் மூன்றாம் வழியையோ நான்காம் வழியையோதான் கேட்பார்கள், நாள் கூடுகிறதல்லவா! நான் அவர்கள் கட்சியில்லை. பாடநூலில் இரண்டே படிகள் உள்ளன, இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்றால், எடுத்தவருக்குக் கூடும் ஒவ்வொரு நாளும் காத்திருப்பவருக்குக் குறையும் நாள். எடுத்தவர் பூட்டிய கதவின் முன் நிற்கவும் கூடாது. காத்திருப்பவர் காரணமின்றிக் காத்திருக்கவும் கூடாது. இரண்டையும் நிறைவேற்றுவது இரண்டாம் வழியே. அதிலும் ஒரு சங்கடம் உண்டு, மறைப்பானேன்? பொங்கல் நாள்களில் விழும் கெடுக்கள் அனைத்தும் விடுமுறை கழிந்த முதல் நாளில் வந்து குவியும். அன்றைக்கு நூலக மேசையின் முன் திருவிழாக் கூட்டம்தான். கூட்டத்தைச் சமாளிக்க அன்று கூடுதலாக ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். அதைக் காட்டி அபராதத்தை நியாயப்படுத்த முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அது நம் மொழிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒரு வாரத்தை நாம் ‘எட்டு நாள்’ என்கிறோம். இரண்டு வாரத்தைப் ‘பதினைந்து நாள்’ என்கிறோம். தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுவது நம் வழக்கம். திருவிழாக் கணக்கும் அதுவே. 2024-இல் ஜூலை 30 கொடியேற்றம். அதுவே முதல் திருநாள். ஆகஸ்ட் 7 தேர். அது ஒன்பதாம் திருநாள். கழித்துப் பார்த்தால் எட்டுதான் வரும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எவரும் தேரை எட்டாம் திருநாள் என்று சொல்ல மாட்டார்கள். கணிப்பொறிக்குக் கொடியேற்று நாள் சுழியம். அடுத்த நாளே ஒன்று. ‘பதினைந்து நாள் தவணை’ என்று நாம் வாயால் சொல்வதை அப்படியே கணிப்பொறியில் 15 என்று பதிந்துவிட்டால் கெடு ஒரு நாள் கூடிப்போகிறது. 14 என்று பதிந்தால் எடுத்த கிழமையிலேயே கெடு விழும். ஞாயிறு மூடியிருக்கும் நூலகத்தில் ஞாயிற்றுக் கெடு விழவே விழாது. 15 என்றாலோ சனிக்கிழமை எடுத்த நூல்கள் எல்லாம் ஞாயிற்றில் போய் விழும். ஓர் எண்ணின் வேறுபாட்டில் கிழமையே மாறுகிறது. நம் நூலக விதியில் வழங்கும் நாள் கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு சொல்லும் இல்லை. உதவியாளர் இருந்தவரை அந்தச் சொல் தேவைப்படவுமில்லை.

ஒரு நாள் தள்ளிவிட்டால் போதும் என்று எண்ணும் மென்பொருள்களுக்கு 2025-ஆம் ஆண்டுத் தேர் நல்ல பொறி. அவ்வாண்டு தேரோட்டம் ஜூலை 28, திங்கட்கிழமை. ஜூலை 12, சனியன்று 15 நாள் தவணையில் எடுத்த நூலுக்குக் கெடு 27, ஞாயிறு. “ஞாயிறென்றால் ஒரு நாள் கூட்டு” என்று மட்டும் எழுதப்பட்ட நிரல் 28-ஐக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்துவிடும். 28-ஆம் நாளோ ஊரே வடம் பிடித்திருக்கும் நாள். சரியான விடை 29. தள்ளியபின் மறுபடியும் பார்க்க வேண்டும். திறந்த கதவு கிடைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு விடுமுறை வரும் நாளைக் கொடுத்துச் சோதித்தால்தான் இக்குறை வெளிப்படும்.

விடுமுறை நாள்களைக் கணிப்பொறிக்குள் ஏற்றுவது எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டா. தேர் நாள் விடுமுறையை மாவட்ட ஆட்சியர் ‘உள்ளூர் விடுமுறை’யாக அறிவிக்கிறார். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்படியான பொது விடுமுறை அதுவன்று என்று அந்த ஆணையிலேயே எழுதியிருக்கும். வங்கிகள் அன்று திறந்திருக்கும். ஆகவே வங்கி விடுமுறைப் பட்டியலையோ மாநிலப் பொது விடுமுறைப் பட்டியலையோ அப்படியே எடுத்து ஏற்றினால் நம் ஊரின் பெருநாள் அதில் இராது. சென்னையில் இருந்துகொண்டு ஒருவர் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே பட்டியலை அமைத்துக் கொடுத்தால் இதுதான் நேரும். மேலும் அந்நாள் ஆண்டுதோறும் நகரும்: 2022-இல் ஆகஸ்ட் 1, 2023-இல் ஜூலை 22, 2024-இல் ஆகஸ்ட் 7, 2025-இல் ஜூலை 28. சென்ற ஆண்டுப் பட்டியலை இவ்வாண்டுக்குப் படியெடுத்தால் இல்லாத விடுமுறை ஒன்று முளைக்கும். இருக்கும் விடுமுறை ஒன்று மறையும். உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பணிநாளாகும். அதையும் ‘வழக்கமாக மூடும் நாள், ஆனால் இன்று திறப்பு’ என்று விலக்காகப் பதிய வேண்டும். கோஹாவில் அதற்கு இடமிருக்கிறது. பதிய ஆள் வேண்டுமே!

பிறை பார்த்து வரும் பண்டிகைகளும் உண்டு. 2024-இல் மீலாது நபி விடுமுறை செப்டம்பர் 16 என்று இருந்து, 17-க்கு மாறியது. செப்டம்பர் 3-இல் எடுத்த நூலுக்கு 17-தான் கெடு. புதிய நாளைச் சேர்ப்பதோடு பழைய நாளை நீக்கவும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை மறப்பது மனித இயல்பு. மழையோ எந்தப் பட்டியலுக்கும் கட்டுப்படாதது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை யார் முன்கூட்டிக் குறித்து வைத்திருக்க முடியும்? 2020 மார்ச் 25-இல் நாடே அடைபட்டபோது நூல்கள் மாதக்கணக்கில் நம் வீடுகளில் இருந்தனவே! இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. கெடு நாள் என்பது நூல் வழங்கும் நொடியில் கணக்கிடப்பட்டுப் பதிவாகிவிடுகிறது. அதன் பிறகு விடுமுறையைக் காலண்டரில் சேர்த்தாலும், முன்பே பதிவான கெடு தானாக நகராது. என் தோழியின் ஜனவரி 17-ஐப் போலத் தாமதமாக அறிவிக்கப்படும் விடுமுறைகளில், ஏற்கெனவே வெளியே போயிருக்கும் நூல்களின் கெடுவை ஒருவர் மொத்தமாக நீட்டிக்க வேண்டும். கோஹாவில் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது யார் கடமை, எத்தனை நாளுக்குள் என்பது நம் விதியில் எழுதப்பட வேண்டும்.

அபராதக் கணக்கு தனி. கெடு நாளைக் குறிக்கையில் விடுமுறையைப் பார்க்க வேண்டுமா என்பதற்கு ஓர் அமைப்பு. அபராத நாள்களை எண்ணுகையில் விடுமுறையைத் தள்ள வேண்டுமா என்பதற்கு வேறோர் அமைப்பு. முதலாவதைச் சரிசெய்து இரண்டாவதை விட்டுவிட்டால், கெடு நாள் அழகாக விடுமுறையைத் தாண்டி நிற்கும். ஆனால் ஜனவரி 13-இல் கெடு முடிந்த நூலுக்குப் பொங்கலின் ஆறு நாளும் அபராதம் ஏறும். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

விளிம்புகளை விட்டுவிடக் கூடாது. 2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘சூன்’ என்னும் இசைக் கருவிகள் உலகெங்கும் ஒரே நாளில் செயலற்று நின்றன. காரணம், அது லீப் ஆண்டின் 366-ஆம் நாள். நிரலின் ஒரு பகுதி அந்த நாளில் முடிவின்றிச் சுழன்றுகொண்டிருந்தது. ஏனைய 365 நாளும் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்! ஆகவே 2024 பிப்ரவரி 15-க்கு 29 வர வேண்டும், 2023 பிப்ரவரி 15-க்கு மார்ச் 1 வர வேண்டும் என்று இரண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பேராசிரியர்களுக்கு ஒரு மாதத் தவணை என்றால், ஜனவரி 31-இல் எடுத்த நூலுக்குக் கெடு எது? இதற்குப் பேராசிரியர்களே விடை சொல்லட்டும். இறுதியாண்டு மாணவர்க்கு உறுப்பினர் காலம் ஏப்ரல் 30-உடன் முடிகிறதென்றால், ஏப்ரல் 20-இல் எடுத்த நூலின் கெடு மே 4 ஆகுமா, ஏப்ரல் 30-இல் வெட்டப்படுமா? கோஹாவில் இரண்டும் முடியும். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று மாணவருக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். தேதியின் வடிவமும் ஒன்றுண்டு. 07/08/2024 என்பது நமக்குத் தேர் நாள்; அமெரிக்க முறையில் படித்தால் ஜூலை 8.

மறுப்புகளும் வந்தன. “கடைசி நாள்வரை ஏன் காத்திருக்கிறாய்? முன்னதாகவே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே!” என்றார் நான் மதிக்கும் பேராசிரியர் ஒருவர். நல்ல அறிவுரை. ஆயினும் 14 நாள் என்று சொல்லிக் கொடுத்தபின் பதினான்காம் நாளும் எனக்குரியதே. சனிக்கிழமைகளில் ராஜபாளையத்து மில்லில் வேலைக்குப் போகும் நண்பர்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். நூலைப் படிக்க அவர்களுக்குக் கிடைப்பதே அந்தக் கடைசி இரண்டு மூன்று இரவுகள்தாம். “இரண்டு நாள் சலுகை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்றார் மற்றொருவர். சலுகை தவறான கெடுவை மறைக்கும், திருத்தாது. பொங்கலைப் போல ஆறு நாள் மூடினால் இரண்டு நாள் சலுகை எதற்குக் காணும்? அதுமட்டுமன்று, சலுகைக் காலம் தாண்டிவிட்டால் சலுகை நாள்களையும் சேர்த்தே அபராதம் போடும் அமைப்பும் மென்பொருளில் உண்டு. அதையும் சோதித்தாக வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். நம் நூலகம் கணிப்பொறிக்கு மாறுமுன் ஒரு நாள் வெள்ளோட்டம் நடத்த வேண்டும். துறைக்கு இருவர் வீதம் மாணவர்கள் வரட்டும். கணிதத்துறையாருக்கு மட்டும் இதில் வேலை என்று எண்ணற்க. எந்த ஊரில் என்றைக்குத் திருவிழா, எந்த ஆண்டில் எப்போது கல்லூரி எதிர்பாராமல் மூடியது என்பதை வரலாற்று மாணவரும் தமிழ் மாணவரும் நம்மைவிட நன்கறிவர். கடந்த மூன்று கல்வியாண்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் ஐந்து தேதிகளை எழுதி, தாம் கருதும் கெடு நாளையும் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகே கணிப்பொறியைக் கேட்க வேண்டும். விடை வேறுபடும் தேதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். தவறு மென்பொருளிலா, நாம் அமைத்த விதத்திலா, நம் விதியிலா என்று நூலகரும் துறைத் தலைவர்களும் தீர்க்கும்வரை கணிப்பொறி சொல்லும் அபராதத்தை வசூலிக்காமல் இருக்க வேண்டும். ஜூன் மாதம் புதிய விடுமுறைப் பட்டியலை ஏற்றும்போதும், மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போதும் அதே தாள்களை எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். அரை நாள் வேலை; செலவு சில வெள்ளைத் தாள்கள்.

நூலகரின் இசைவோடு வழங்குமிடத்து மேசையில் 80 பக்க நோட்டு ஒன்றை வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் என் ஐந்து தேதிகள் உள்ளன: 2024 பிப்ரவரி 15, 2024 ஜூலை 24, 2024 செப்டம்பர் 3, 2025 ஜனவரி 3, 2025 ஜூலை 12. மற்றப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது.